போயிட்டாருன்னு சொன்னவள்

தையல் தொழிற்சாலையில் அவளுக்குக் காஜாக்கா என்று பேர். சட்டைக்குப் பொத்தான் துளை போடும் காஜா மெஷினில் பதினோரு வருஷமாக உட்கார்ந்திருந்தாள். துளை ஒன்று கோணினாலும் சட்டை வீண். அதனால் அரட்டை அடித்துக்கொண்டே வேலை பார்க்கும் பழக்கம் அவளுக்கு இல்லை. பொதுவாகவே பேச்சு குறைவு. அவள் சொன்ன பொய்யும் அப்படிப் பேசாமல் இருந்ததில்தான் ஆரம்பித்தது.

கணவன் ஒரு பட்டாள முகாமுக்குக் காய்கறி லாரி ஓட்டினவன். மகளுக்கு நாலு வயதானபோது வேறொருத்தியோடு குடித்தனம் போட்டுவிட்டான். ஒரு நாள் லாரியை எடுத்துக்கொண்டு போனவன் திரும்பவே இல்லை. ஊர் வாய்க்குப் பயந்து இவள் மகளைத் தூக்கிக்கொண்டு நகரத்துக்கு வந்தாள். மூன்றாவது மாடியில் ஓர் அறை, ஒரு சமையல் மூலை. வீட்டுக்கார அம்மா சாவியைக் கொடுக்காமல் கையிலேயே வைத்துக்கொண்டு கேட்டாள்.

"வீட்டுக்காரர் எங்கம்மா?"

"போயிட்டாருங்க."

விட்டுவிட்டுப் போனதைத்தான் சொன்னாள். அந்த அம்மாளோ "அடப் பாவமே" என்று நெஞ்சில் கை வைத்தாள். திறந்திருந்த பெட்டியில் ஒரு போட்டோ கிடந்தது. முகாம் வாசலில், யாரோ ஒரு சிப்பாயிடம் இரவல் வாங்கிய தொப்பியைப் போட்டுக்கொண்டு அவன் சிரித்துக்கொண்டு நின்றான்.

"பட்டாளத்துலயா?"

தலையை ஆட்டினாள். சாவி கைக்கு வந்தது.

ஒரு வாரத்தில் விஷயம் தொழிற்சாலைக்கும் போய்விட்டது. எல்லோரையும் 'ஏய்' என்று கூப்பிடும் சூப்பர்வைசர் இவளை மட்டும் 'அம்மா' என்றார். தனியாக இருக்கிற பெண் என்று இளித்தவர்கள் ஒதுங்கிக்கொண்டார்கள். ஓடிப்போனவன் பெண்டாட்டியை உலகம் ஒரு கண்ணால் பார்க்கும், போரில் செத்தவன் பெண்டாட்டியை வேறு கண்ணால் பார்க்கும். அந்த இரண்டாவது பார்வை அவளுக்குப் பிடித்துப்போயிற்று. பின்னால் தன்னையே அவள் மன்னிக்க முடியாமல் போனது இதற்காகத்தான்.

மகள் வளர்ந்தாள், கேள்விகளும் வளர்ந்தன. "அப்பா எப்படிம்மா செத்தாரு?" எரிகிற வண்டியிலிருந்து இரண்டு பேரை வெளியே இழுத்துப் போட்டார், மூன்றாவது ஆளுக்காகத் திரும்பப் போனபோது வண்டி வெடித்துவிட்டது. "பதக்கம் குடுத்தாங்களா?" கொடுத்தார்கள், வெள்ளத்தில் போய்விட்டது. ஒரு பொய்க்குக் கால் வைக்கப் போய் ஒன்பது கால் வைக்க வேண்டியிருந்தது.

மகள் பத்தாம் வகுப்பில் 'என் அப்பா' என்று எழுதிய கட்டுரையைத் தலைமையாசிரியை பள்ளி வாசல் பலகையில் ஒட்டச் சொன்னார். ஆண்டு விழாவில் வீரர் குடும்பங்களுக்கு மரியாதை செய்வதென்று முடிவாயிற்று. காஜாக்கா காய்ச்சல் என்றாள், லீவு கிடைக்காது என்றாள். மகள் சூப்பர்வைசரிடமே போய் லீவு வாங்கிக்கொண்டு வந்துவிட்டாள்.

மேடையில் பக்கத்து நாற்காலியில் இருந்தவள் உண்மையாகவே கணவனைப் போரில் பறிகொடுத்தவள். பேருந்து நிலையத்துக்கு எதிரில் ஜெராக்ஸ் கடை வைத்திருந்தாள். விரல் நுனியில் கறுப்பு மை. பூங்கொத்து வாங்கிய கையோடு அவள் காஜாக்காவின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"எந்த வருஷம்மா?"

காஜாக்காவின் வாயில் ஏதோ ஒரு வருஷம் வந்தது. சொல்லிவிட்டுக் குனிந்துகொண்டாள். அதைத் துக்கம் என்று எடுத்துக்கொண்டாள் ஜெராக்ஸ்காரி.

"பென்ஷன் காகிதமெல்லாம் இருக்கா? இல்லன்னா விடு. நானும் ரெண்டு வருஷம் அலைஞ்சேன். திங்கக்கிழமை நல ஆபீசுக்கு நான் கூட வர்றேன். நமக்கு நாமதானே துணை?"

நமக்கு என்ற அந்தச் சொல்லைக் கேட்டதும் காஜாக்காவுக்கு மேடையிலிருந்து இறங்கி ஓடிவிடலாம் போலிருந்தது. கீழே மகள் கை தட்டிக்கொண்டிருந்தாள்.

திங்கள்கிழமை காலை முன்னாள் வீரர் நல அலுவலகத்தின் பெஞ்சில் இருவரும் உட்கார்ந்தார்கள். எதிர்ச் சுவரில் புதிதாக ஓர் அறிவிப்பு. ஜெராக்ஸ்காரி கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு சத்தமாகவே படித்தாள். ஆதாயத்துக்காகப் படையில் இருந்ததாகவோ பதக்கம் பெற்றதாகவோ பொய் சொன்னால் சிறை அல்லது அபராதம்.

"நல்லா வேணும். போன வருஷம் ஒருத்தன் கடைக்கு வந்தான். உங்க வீட்டுக்காரர் படையிலதான் நானும் இருந்தேன், கடைசி நேரத்துல பக்கத்துல இருந்தேன்னான். நான் ஸ்டூலப் போட்டு உக்கார வச்சு, கேட்டுக் கேட்டு அழுதேன். அப்புறம் பாத்தா அவன் பட்டாளத்து வாசலக்கூட மிதிக்காதவன்."

"அக்கா..."

"அவன ஜெயில்ல போடட்டும், போடாம இருக்கட்டும். நான் அழுதத யார் திருப்பித் தருவா?"

அப்போது குமாஸ்தா கூப்பிட்டார். படிவத்தில் காஜாக்கா தன் பேரை எழுதினாள். அடுத்த வரியில் கணவனின் படை எண். பேனா அங்கேயே நின்றது.

"நம்பர் ஞாபகம் இல்லன்னா பரவால்லம்மா. பேரச் சொல்லுங்க, நான் தேடிப் பாக்கறேன்" என்றார் குமாஸ்தா. நல்ல மனிதர்.

"தேடாதீங்க சார்."

"ஏன்?"

"அவர் பட்டாளத்துல இல்ல. பட்டாளத்துக்குக் காய்கறி லாரி ஓட்டினாரு. சாகவும் இல்ல. எங்கள விட்டுட்டுப் போயிட்டாரு."

பின்வரிசையில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். குமாஸ்தா படிவத்தை மெல்ல இழுத்து இரண்டாகக் கிழித்தார். "இத வச்சு நீங்க எதுவும் வாங்கல, கையெழுத்தும் போடல. சட்டம் உங்கள ஒண்ணும் பண்ணாது. போங்கம்மா."

சட்டம் விட்டுவிட்டது. பத்து நாள் உள்ளே போட்டிருந்தால்கூடக் கொஞ்சம் ஆறியிருக்கும் என்று அவளுக்குத் தோன்றியது. திரும்பிப் பார்த்தாள். பெஞ்சு காலி. வாசல் படியில் ஜெராக்ஸ்காரி முதுகைக் காட்டிக்கொண்டு நின்றாள்.

"மன்னிச்சிருங்கக்கா."

"அக்கான்னு கூப்பிடாதீங்க." அதுவரை 'நீ' என்று பேசியவள், அந்த 'நீங்க'வோடு இறங்கிப் போய்விட்டாள்.

சாயங்காலம் காஜாக்கா மகளிடம் எல்லாவற்றையும் சொன்னாள். மகள் சீருடையைக்கூட மாற்றாமல் கட்டிலில் உட்கார்ந்து கேட்டாள். கேட்டு முடிந்ததும் கோபம் வரும் என்று காஜாக்கா காத்திருந்தாள். கோபம் வரவில்லை. முகம் மலர்ந்தது.

"அப்போ அப்பா உயிரோட இருக்காராம்மா?"

அலுவலகத்தில் கேட்ட சிரிப்பையும் வாசல் படியில் கேட்ட 'நீங்க'வையும் தாங்கியவளால் அந்த மலர்ச்சியைத் தாங்க முடியவில்லை.

"எங்க இருக்காரு?"

"தெரியாது கண்ணு."

மலர்ந்தது அப்படியே வாடியது. அதற்கப்புறம்தான் கோபம் வந்தது. "கிளாஸ் முழுக்க எனக்காக எழுந்து நின்னாங்களேம்மா! உனக்கு வெக்கமா இல்ல?" பன்னிரண்டு நாள் ஒரு வார்த்தை பேசவில்லை. போட்ட சோற்றைச் சாப்பிட்டாள், தட்டைக் கழுவினாள், சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தாள்.

அந்தப் பன்னிரண்டு நாளில் காஜாக்கா பள்ளிக்கூடத்துக்குப் போனாள். தலைமையாசிரியை கதவைச் சாத்திவிட்டு, "யாருக்குத் தெரியப்போகுது, அப்படியே விட்டுடுங்க. ஸ்கூல் பேரும் இதுல இருக்கு" என்றார். "பலகையில இருக்கறத மட்டும் எடுத்துருங்கம்மா" என்று காஜாக்கா எடுக்கும்வரை நின்றாள். தொழிற்சாலையில் மதியச் சாப்பாட்டு நேரத்தில் தானே எழுந்து சொன்னாள். சூப்பர்வைசர் 'அம்மா'வை விட்டுவிட்டார். கட்டிங் பிரிவில் அவளுக்குக் 'கத்திரிக்காய் கர்னல்' என்று பேர் விழுந்தது. அந்தப் பேரைக் கேட்டு அவளும் ஒரு தடவை சிரித்தாள். சிரித்துவிட்டுக் கழிவறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதாள்.

பதின்மூன்றாம் நாள் மகள் சுவரைப் பார்த்தபடியே கேட்டாள். "அவரு நல்லா வண்டி ஓட்டுவாரா?"

"நல்லா ஓட்டுவாரு. பாட்டுதான் நாராசம்."

அன்றிலிருந்து காஜாக்கா கேட்டதற்கு மட்டும் பதில் சொன்னாள். தெரியாததைத் தெரியாது என்றாள்.

ஜெராக்ஸ் கடைப் பக்கம் அவள் போவதே இல்லை. எதிர் நடைபாதையில்தான் நடப்பாள். மகளின் மேல்படிப்பு விண்ணப்பத்துக்குக் கடைசி நாளன்று அடுத்த தெருவில் இருந்த இரண்டு ஜெராக்ஸ் கடையிலும் கரண்ட் இல்லை. வேறு வழியில்லாமல் போய் நின்றாள். ஜெராக்ஸ்காரி நிமிர்ந்து பார்த்தாள். மதிப்பெண் பட்டியலை வாங்கினாள், நகல் எடுத்தாள், ஓரம் தட்டி அடுக்கினாள்.

"பொண்ணு நல்லா படிக்கறா போல" என்றாள், காகிதத்தைப் பார்த்தபடி.

காஜாக்காவுக்குத் தலை நிமிரவில்லை. "ஆமாங்க" என்றாள். சூடு ஆறாத தாள்களை வாங்கிக்கொண்டு, பின்னால் நின்றவருக்கு வழிவிட்டு நகர்ந்தாள்.