கேஸ் குழாய்க்குப் பரீட்சை எழுதினேன்

தண்ணீர்க் குழாய் வேலையில் ஒரு வசதி உண்டு. தப்புச் செய்தால் அது ஒழுகி நம்மைக் காட்டிக்கொடுத்துவிடும். கேஸ் அப்படி ஒழுகிக் காட்டாது என்பதால், நாற்பத்து நாலு வயதில் நான் மறுபடி வகுப்புக்குப் போகவேண்டியதாயிற்று. பிள்ளைகள் பார்க்கப் புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு கொட்டாவி விட்டவர்களுக்கு என் கஷ்டம் சொல்லாமலே புரியும்.

தெரிந்தவன்தான், ஆனாலும்

சாயிபாபா காலனியில் ஓர் அடுக்குமாடி. பதினைந்து வருடங்களாக அங்கே குழாய் என்றால் நான்தான். எந்தச் சுவருக்குள் எந்தப் பைப் போகிறது என்று கட்டியவர்களைவிட எனக்கு நன்றாகத் தெரியும். அங்கே குழாய்வழி கேஸ் வரப்போகிறது என்றதும், அந்த வேலையும் எனக்குத்தான் என்று நினைத்துப் போனேன். குடியிருப்போர் சங்கச் செயலாளர் சரோஜா அம்மா, ஓய்வு பெற்ற கணக்கு டீச்சர். உட்காரவைத்து மோர் கொடுத்துவிட்டு மெதுவாகச் சொன்னார்: "உங்க கை மேல நம்பிக்கை இருக்குதுங்க, ஆனா நாப்பது குடும்பம் தூங்கற எடம், கேஸைப் படிச்சவங்கதான் தொடணுமுங்க."

சோப்பு நுரை

பயிற்சி மையம் பீளமேட்டில். பாடம் எடுத்த பிரியா கோபிசெட்டிபாளையத்துப் பெண், என்னைவிடப் பதினெட்டு வயது இளையவர். முதல் நாளே ஓர் இணைப்பைப் போட்டுக்காட்டச் சொன்னார். தொழிலில் ஊறிய கையல்லவா, மளமளவென்று முறுக்கிவிட்டு மற்றவர்களைப் பெருமையாகத் திரும்பிப் பார்த்தேன். அவர் பிரஷ்ஷால் சோப்புத் தண்ணீரைத் தடவினார். குட்டிக் குட்டியாக நுரை வந்தது.

"ரெண்டு நாள்ல உப்புப் படிஞ்சு தானா அடைச்சுக்குமுங்க" என்றேன், தண்ணீர்க் குழாய்ப் பழக்கத்தில். வகுப்பே சிரித்தது. அவர் சிரிக்கவில்லை. "ஏனுங்ணா, அந்த ரெண்டு நாளும் அந்த ஊட்டுல அடுப்புப் பத்த வெக்காம இருப்பாங்களா?"

முள்

எழுத்துப் பரீட்சையில் எப்படியோ தப்பித்தேன். செய்முறையில், பைப்புக்குள் காற்றை அடைத்துவிட்டு மீட்டரின் முள் இறங்குகிறதா என்று பார்க்கவேண்டும். இறங்கினால் ஃபெயில். ஏற்கெனவே ஒருமுறை இதில் ஃபெயிலாகி, ரிசல்ட் இன்னும் வரவில்லை என்று மனைவியிடம் புளுகியிருந்தேன். இந்த முறையும் போனால் மறுபடி வர எனக்குத் தெம்பில்லை. சட்டை நனைந்துவிட்டது. நேரம் முடிந்து, தேர்வாளர் கையெழுத்துப் போட்டுவிட்டு நகர்ந்த பிறகும் நான் முள்ளையே முறைத்துக்கொண்டிருந்தேன். பக்கத்து மேசையில் பரீட்சைக்கு வந்திருந்த உக்கடத்து பிளம்பர் சேவியர் வந்து தோளைத் தட்டினார்: "முள்ளு அசையலீங்க, இனி நீங்க அசையலாமுங்க."

தீப்பெட்டி

சான்றிதழ் கைக்கு வந்த இரண்டாவது வாரம், வடவள்ளியில் ஒரு வீட்டுக்குச் சமையலறைக் குழாய் மாற்றப் போனேன். வாசலிலேயே கேஸ் வாடை. உள்ளே வீட்டுக்காரர் பழனிசாமி, எங்கே கசிகிறது என்று பார்க்க, கையில் தீப்பெட்டியோடு அடுப்படியில் குனிந்துகொண்டிருந்தார். "வேண்டாமுங்க!" என்று நான் போட்ட சத்தத்தில் தீப்பெட்டி கீழே விழுந்தது. சிலிண்டரை மூடினேன். சன்னல்களைத் திறந்தேன். ஃபேன் போடப் போனவரை, எந்த சுவிட்சையும் தொடாதீர்கள் என்று வெளியே அனுப்பினேன்.

வாடை போனதும் பார்த்தால், அடுப்புக்குப் பின்னால் ரப்பர் டியூபை எலி கடித்திருந்தது. ஒரு வருடத்துக்கு முன்னால் என்றால் நானும் அவரோடு சேர்ந்து குனிந்திருப்பேன். புது டியூப் மாட்டி, சோப்புத் தண்ணீர் தடவிச் சோதித்தேன்; ஒரு நுரைகூட வரவில்லை. அவர் மனைவி வாசற்படியை விட்டு உள்ளே வரவில்லை. "அடுப்ப நீங்களே பத்த வெச்சுக் குடுங்க, காப்பி நான் போட்டுத் தாரேனுங்க."

முன்பெல்லாம் ஏதாவது நடந்துபோனால் என்னைத் திட்டுவார்கள், இப்போது ஒன்றுமே நடக்காததற்கு நன்றி சொல்கிறார்கள், என் பதவி உயர்வு அவ்வளவுதான்.