ஒயர் பிடித்த அண்ணி

என் அண்ணனுக்கு மரம் அறுப்பது தொழில். அண்ணிக்கு அவனைக் காவல் காப்பது தொழில். இரண்டாவதற்குக் கூலி கிடையாது, கேலி மட்டும் உண்டு. அறுத்த கட்டைகளை ஏற்றிப்போகும் வேன் என்னுடையது என்பதால் அந்தக் கேலி முழுவதையும் பக்கத்திலிருந்து கேட்டவன் நான்.

அண்ணனுடையது கரண்டில் ஓடும் சங்கிலி ரம்பம். வீட்டுக்காரர் காட்டும் இடத்தில் நீள ஒயரைச் சொருகிவிட்டு அண்ணி அங்கேயே நின்றுகொள்வாள். ஒயர் அவன் முதுகுக்குப் பின்னாலேயே கிடக்கிறதா என்று கண் வைத்துக்கொண்டே இருப்பாள். அண்ணன் காதுக்கு மூடி போட்டிருப்பான். தொண்டை கிழியக் கத்தினாலும் கேட்காது. ஆகவே அவனை நிறுத்த வேண்டுமென்றால் பிளக்கைப் பிடுங்குவாள். கட்டையைப் புரட்டப் போகிறானா, பிடுங்குவாள். சங்கிலியில் சிக்கிய நாரை எடுக்கப் போகிறானா, பிடுங்குவாள். பிடுங்கியதைக் கீழே போடவும் மாட்டாள். ஒருமுறை கீழே கிடந்த பிளக்கைப் பார்த்த ஒரு புண்ணியவான், கழன்று விழுந்துவிட்டது போலிருக்கிறதே என்று தானே எடுத்துச் சொருகிவிட்டார். அப்போது அண்ணனின் கை சங்கிலிமேல் இருந்தது. ரம்பத்தின் கைப்பிடியில் அழுத்திப் பிடிக்கும் சுவிட்சில் விரல் இல்லாததால் தப்பித்தான். அன்றிலிருந்து பிளக் அவள் உள்ளங்கைக்குள்தான்.

"வீட்டுக்காரம்மா கயித்த விடவே மாட்டாங்க போலிருக்கே" என்பார்கள் வேடிக்கை பார்க்க வருகிறவர்கள்.

"அவுத்து விட்டா மொதல்ல உங்களத்தான் முட்டும், பரவால்லயா?" என்பாள் அண்ணி. அண்ணன் அசடு வழிவான்.

கல்யாணத்துக்கு முன்னால் அவள் தையல் கடையில் வேலை செய்தவள். மோட்டார் மிஷின். பக்கத்து மிஷின்காரப் பெண், காலைப் பெடலிலிருந்து எடுக்காமல் ஊசியில் நூல் கோர்க்கப் போய், ஊசி நகத்தைத் துளைத்து இறங்கியதைக் கண்ணால் பார்த்திருக்கிறாள். 'நான் கால எடுத்துட்டேன், எடுத்துட்டேன்'னு அவ அழுதுகிட்டே சொன்னா என்று எங்களிடம் சொல்லியிருக்கிறாள். அதனால் யார் சொல்வதையும் அவள் அப்படியே நம்புவதில்லை. பார்த்தால்தான் நம்புவாள்.

ஒரு வீட்டில், ஏணியில் ஏறி மேல்கிளையை அறுத்துக் கொடுத்தால்தான் ஆயிற்று என்று வீட்டுக்காரர் நின்றார். அண்ணன் தலையாட்டிவிட்டான். அண்ணி பேசாமல் ஒயரைச் சுருட்ட ஆரம்பித்தாள்.

"ஏணி மேல நின்னுகிட்டு, தலைக்கு மேல ரம்பத்தத் தூக்கணுமா? முனை பட்டு எகிறுச்சுன்னா மூஞ்சி இருக்காது. வேற ஆளப் பாத்துக்கங்க."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வீடு தேடி வந்த வேலையை இப்படித் துரத்துகிறாளே என்று வேன் கதவை அறைந்து சாத்தினேன். ஆனால் ஒன்று சொல்ல வேண்டும்: அண்ணனின் வலது கையை நம்பித்தான் எங்கள் இரண்டு வீட்டிலும் அடுப்பு எரிந்தது, அந்தக் கைக்காகப் பயந்தவள் அவள் ஒருத்திதான்.

போன குளிர்காலத்தில் ஒருநாள் காலை அவர்கள் வீட்டுக்குப் போனேன். அண்ணி அவனுக்குச் சட்டைப் பட்டன் போட்டுவிட்டுக்கொண்டிருந்தாள்.

"என்ன, புது மாப்பிள்ளையா?" என்றேன்.

இருவரும் சிரிக்கவில்லை. அண்ணனின் விரல் நுனிகள் சுண்ணாம்பு தொட்டது போல வெளுத்திருந்தன.

"குளிருடா. கொஞ்சம் மரத்துப் போவுது" என்றான்.

"குளிரில்ல. வருஷக்கணக்கா அதிர்ற ரம்பத்தப் புடிச்ச கை அது. டாக்டர்கிட்ட போலாம்னா கேக்க மாட்டேங்கறாரு" என்றாள் அண்ணி.

"டாக்டர் என்ன சொல்லுவாரு? ரம்பத்தத் தொடாதம்பாரு. அப்புறம் என்ன பண்றது? எனக்கு வேற எது தெரியும்?"

வேலைக்குக் கிளம்பினோம்.

அன்றைய மரம் காற்றில் சாய்ந்து ஒரு வீட்டு முற்றத்தை அடைத்துக்கொண்டு கிடந்தது. அண்ணன் அடிமரத்தை வட்டம் வட்டமாக அறுத்துத் தள்ளினான். மூன்று துண்டு போனது. நான்காவது அறுந்து விழுந்ததும், அடுத்த பக்கம் போவதற்காக ஒரு கிளையைத் தாண்டக் காலைத் தூக்கினான். ரம்பத்தைத் தொடைக்கருகில் தொங்கவிட்டிருந்தான். மரத்தை விட்டு வெளியே வந்த பிறகும் சங்கிலி ஓடிக்கொண்டிருந்தது. அண்ணி பிடுங்கிவிட்டாள்.

அண்ணன் காதுமூடியைக் கழுத்துக்கு இறக்கினான். முகம் சிவந்திருந்தது. "இப்ப எதுக்குப் புடுங்குன? ஆளுங்க முன்னாடி மானத்த வாங்குறதே உனக்கு வேலையாப் போச்சு. சொருகு!"

"சுவிட்ச விட்டுட்டா நடந்தீங்க?"

"விட்டுட்டுத்தான் நடந்தேன்."

"இப்ப?"

"விட்டுட்டேன்னு சொல்றேன்ல!"

வீட்டுக்காரர், நான், அண்ணி மூவரும் அவன் கையைப் பார்த்தோம். ஆள்காட்டி விரல் சுவிட்சை அடிவரைக்கும் அழுத்திக்கொண்டிருந்தது. எங்கள் முகங்களைப் பார்த்த பிறகுதான் அவனும் குனிந்து பார்த்தான். யாரோ ஒருவரின் கையைப் பார்ப்பது போல நெடுநேரம் பார்த்தான். கோபம் எங்கே போனதென்று தெரியவில்லை. எனக்கு அழுகை வந்துவிட்டது, மறைக்கவும் தோன்றவில்லை.

அண்ணி பிளக்கைக் கையில் பிடித்தபடியே மரத்தூளில் நடந்து அவனிடம் வந்தாள். ரம்பத்தை வாங்கிக் கட்டைமேல் வைத்தாள். அவன் கையுறையை மெதுவாக உருவினாள்.

"கண்ண மூடுங்க."

சண்டை போடாமல் மூடினான்.

அவள் அவனுடைய ஆள்காட்டி விரலைத் தன் விரல்களுக்குள் வைத்து, நகம் வெளுக்கும்வரை இறுக்கினாள்.

"எந்த வெரலப் புடிச்சிருக்கேன், சொல்லுங்க."

அண்ணன் கண்ணை மூடியபடியே நின்றான்.

"இன்னும் நீ தொடவே இல்லையேம்மா" என்றான்.