கொட்டாஞ்சேனை வீட்டுத் திறப்பு

வெள்ளவத்தையில் எங்கள் சொந்தக்காரர்களுக்குச் சட்டத்தரணி என்றால் காணி உறுதி எழுதுபவர்தான். காலி வீதியில் ஒரு பெயர்ப்பலகை, குளிரூட்டிய அறை, கையெழுத்து வைக்கக் காத்திருக்கும் ஆட்கள். நான் வழக்குப் பேசப் போகிறேன் என்றதும் பெரியம்மாவின் முகம் சுருங்கிவிட்டது. "பொம்பிளைப் பிள்ளைக்கு ஏன் இந்தச் சண்டை பிடிக்கிற வேலை?" என்றார். சண்டை எனக்குச் சின்ன வயதிலிருந்தே பிடிக்கும் என்பதை அவருக்கு எப்படிச் சொல்வது?

சட்டக் கல்லூரி முடித்துப் புதுக்கடை நீதிமன்றங்களில் ஒரு சீனியரிடம் சேர்ந்தேன். சண்டையையே காணோம். அவர் ஒரு மன்றில் பேசிக்கொண்டிருக்க, நான் இன்னொன்றில் எழுந்து நின்று வழக்கைத் தள்ளிவைக்கத் தவணை கேட்பேன். கறுப்புக் கோட்டுக்குள் வேர்த்து ஒழுக, அந்த ஒரே வாக்கியத்தைச் சிங்களத்தில் திருத்தமாகச் சொல்லப் பழகினேன். கட்சிக்காரர்கள் என்னைத் 'தவணை மிஸ்' என்பது காதில் விழும். எரிச்சலாக வரும்.

அப்போதுதான் கொட்டாஞ்சேனையிலிருந்து ஒரு அக்காவின் வழக்கு வந்தது. நெடுங்காலமாக வாடகைக்கு இருந்த வீடு. மடு மாதா திருவிழாவுக்குப் போனபோது, வழக்கம்போல வீட்டைப் பூட்டித் திறப்பைப் பக்கத்து வீட்டில் இருந்த உரிமையாளரின் தாயிடம் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார். திரும்பி வந்தால் கதவில் புதுப் பூட்டு, சாமான்கள் வெளியே. அக்கா வீட்டை விட்டுவிட்டார், அதனால்தான் திறப்பை ஒப்படைத்தார் என்று உரிமையாளர் சாதித்தார். சட்டத்தின் கண்ணில் திறப்பைக் கொடுப்பது சின்ன விஷயம் அல்ல. ஹெந்தளையில் தங்கை வீட்டு முன்னறையில் மகளோடு ஒதுங்கியிருந்த அக்காவுக்கு, தோற்றால் வேறு வீடு இல்லை.

உரிமையாளர் தன் தாயையே சாட்சிக்குக் கூப்பிட்ட நாளில் சீனியர் வேறு மன்றில் மாட்டிக்கொண்டார். "நீரே குறுக்கு விசாரணை செய்யும். பதில் தெரியாத கேள்வியை மட்டும் கேட்டுப் போடாதேயும்" என்று தொலைபேசியில் சொல்லிவிட்டார்.

திறப்பை அவளேதான் கொண்டுவந்து தந்தாள் என்று தாய் சொல்லி முடித்திருந்தார். அது உண்மை. பதில் தெரியாத கேள்வியைத்தான் கேட்டேன். திறப்பு கிடைத்த பிறகு அந்த வீட்டுக்குள் போனீர்களா?

மொழிபெயர்ப்பாளர் அதைத் தமிழில் சொன்னார். தாய் என்னைப் பார்த்தே பதில் சொன்னார்.

"ஓம், போனனான். பின்னேரத்தில மாதாவுக்கு விளக்கு ஏத்த."

ஏற்றச் சொன்னது யார்?

"அவதான். தான் வரும்வரைக்கும் ஏத்தச் சொன்னவ."

நீதிபதி எழுதுவதை நிறுத்தி நிமிர்ந்தார். மகன் தலையைக் குனிந்துகொண்டார். திரும்பி வருவதாகச் சொல்லிப் போனவர் எப்படி வீட்டை விட்டவராவார்? விளக்கைப் பற்றி அக்கா எங்களிடம் மூச்சுவிடவே இல்லை. அதெல்லாம் வக்கீலிடம் சொல்லும் விஷயமென்று அவருக்குத் தோன்றவில்லை.

அக்காவுக்கு வீடு திரும்பக் கிடைத்தது. கிழவியை எப்படி மடக்கினேன் என்று பெரியம்மா உட்பட எல்லாரிடமும் பீற்றிக்கொண்டேன்.

போன திருவிழாவுக்குப் போகுமுன் அக்கா ஒரு கேக்கோடு வந்தார். வீட்டை யார் பார்ப்பது என்று கேட்டேன்.

"திறப்பைப் பக்கத்து வீட்டு அம்மாட்டக் குடுத்திட்டன், மிஸ்."

"அதே அம்மாட்டயா? உங்களுக்கென்ன விசரா, அக்கா?" எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

அக்கா அசையவில்லை. "அண்டைக்கு வழக்கில அவ, வீட்டுக்குள்ள போகேல்லையெண்டு சொல்லியிருக்கலாமே, மிஸ். பெத்த மகன் முன்னால இருக்கேக்க, போனனான் எண்டு சொன்னவ."

நான் மடக்கியதாக ஊரெல்லாம் சொல்லித் திரிந்த சாட்சி அவர்தான்.