விரதமும் ஒரு குளிசையும்

கந்தசஷ்டி வரும் காலத்தில்தான் இந்தச் சுவிஸ் நாட்டில் மூடுபனியும் இறங்கும். ஆரா நகரில் என் வீட்டு ஜன்னலைத் திறந்தால் ஆறு தெரியாது, எதிர்வீடு தெரியாது, சில காலைகளில் எங்கள் பால்கனிக் கம்பிகூடத் தெரியாது. மலைக்கு மேலே போனால் வெயில் அடிக்கிறது என்பார்கள். போனவர்கள் அதைக் கைபேசியில் படம் பிடித்து அனுப்பிவைப்பார்கள். அந்தப் படங்களைப் பார்த்தால் எனக்கு எரிச்சல்தான் வரும். எனக்குக் கீழேயே கிடக்கப் பிடிக்கும். பனிக்குள் வேலைக்கு ரயிலில் போகும்போது நிலையங்களெல்லாம் பாதி அழிந்து போயிருக்கும். அறிவிப்புக் குரல் மட்டும் ஊர்ப் பெயர்களைச் சொல்லிக்கொண்டு போகும். தூக்கமும் இல்லை, விழிப்பும் இல்லை என்கிற அந்த ஒரு மணி நேரத்துக்காகவே நான் இந்த வேலையை விடாமல் இருக்கிறேன் என்று அக்கா கேலி செய்வார்.

என் வேலை இதுதான். யாருக்காவது ஒரு மருந்தால் கெடுதல் வந்தால், அவருடைய வைத்தியர் அதை எழுதி அனுப்ப வேண்டும். மருந்து செய்யும் நிறுவனத்தில் உட்கார்ந்து அதைப் படிக்கும் ஆட்களில் நானும் ஒருத்தி. மருந்தால்தான் வந்ததா, வேறு ஏதாவதா, இதே மாதிரி வேறெங்காவது நடந்திருக்கிறதா என்று பார்ப்போம். ஒரே கெடுதல் பல ஊர்களிலிருந்து வரத் தொடங்கினால், மருந்துப் பெட்டிக்குள் மடித்து வைத்திருக்கும் தாளில் ஒரு வரி கூடும். அந்த ஒரு வரிக்குத்தான் எங்களுக்குச் சம்பளம். அந்தத் தாளை யாரும் விரித்துப் பார்ப்பதில்லை என்பது வேறு விஷயம். அக்கா வீட்டில் அலுமாரியின் ஒரு கால் ஆடாமல் நிற்பது அப்படிப்பட்ட தாள்களின் புண்ணியத்தில்தான்.

எங்களுக்கு வரும் கடிதங்களில் இருப்பவர்களுக்குப் பெயர் இருக்காது. பெண், ஐம்பதுகளில். ஆண், முதியவர். அவ்வளவுதான். நான் சும்மா இருக்கமாட்டேன், ஒவ்வொருவருக்கும் ஒரு வீடு கட்டிக் கொடுத்துவிடுவேன். ஜன்னலில் பூந்தொட்டி வைப்பேன், ஒரு பூனை கொடுப்பேன், கதவடியில் ஈரச் சப்பாத்து வைப்பேன். 'உணவு உட்கொள்வது குறைந்திருந்தது' என்று ஒரு வைத்தியர் எழுதியிருந்தால், ஒரு கிழவர் சூப்பைத் தள்ளிவைத்துவிட்டு ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருப்பார். பசி செத்துப்போன மனிதர். நிறைந்த அடுப்படியில் நின்றுகொண்டு சாப்பிடாமல் இருக்கும் ஒரு பெண்ணை நான் ஒருநாளும் நினைத்துப் பார்த்ததில்லை.

அக்கா இருப்பது வின்டர்தூரில். முதியோர் இல்லம் ஒன்றின் சமையலறையில் வேலை. வருடம் முழுக்க மற்றவர்களின் வாய்க்கு வைத்துக்கொண்டிருப்பவருக்குக் கந்தசஷ்டி ஆறு நாளும் தன்னுடைய நாட்கள். காப்புக் கட்டினால் முதலில் பாலும் பழமும், பிறகு தண்ணீரும் மிளகும்தான். விரதத்தில் அவருடைய முகம் மெலிந்து ஒரு வெளிச்சம் வரும். அதைப் பார்க்க எனக்குப் பொறாமையாகக்கூட இருக்கும். சீனி வருத்தம் என்கிற நீரிழிவு வந்தபிறகும் அவர் அதை விடவில்லை. கண்மூடித்தனமாகவும் செய்யவில்லை. பழைய குளிசையை, அந்த மாத்திரையை, வெறும் வயிற்றில் போட்டால் ரத்தத்தில் சீனி விழுந்துவிடும் என்று தெரிந்து, அந்த ஆறு நாளும் நிறுத்திவைத்துவிடுவார்.

அந்த வருடம் கோடையில் அவருடைய வைத்தியர் குளிசையை மாற்றினார். புதுக் குளிசை உடம்பிலிருக்கும் சீனியைச் சிறுநீரோடு வெளியே தள்ளிவிடும். "இது சீனியை மட்டுக்கு மிஞ்சி விழுத்துமோ" என்று அக்கா கேட்டிருக்கிறார். இல்லை, இது அப்படிச் செய்யாது என்று வைத்தியர் சொல்லியிருக்கிறார். அது உண்மையும்கூட. ஏன் கேட்கிறாய் என்று அவர் கேட்கவில்லை. விரதம் என்று அக்கா சொல்லவுமில்லை. சொல்லத் தொடங்கினால் சூரபத்மனிலிருந்து தொடங்க வேண்டும், அந்த மனிதருக்கு ஒரு ஆளுக்குப் பத்து நிமிடம்தான். ஆகவே அக்கா விரதமும் பிடித்தார், குளிசையையும் நாள் தவறாமல் போட்டார்.

எனக்கு இது தெரியாது. மருந்துக் கதையை அவர் என்னிடம் எடுப்பதேயில்லை. "உன்னட்டைச் சொன்னால் எனக்கு வராத வருத்தமெல்லாம் சொல்லுவாய். நீ கந்தோரிலை வாசிக்கிறது முழுக்கச் சாகிற கதை" என்பார். அதில் பிழை சொல்ல முடியாது.

ஆறாம் நாள் சூரன் போருக்கு நான் வின்டர்தூருக்குப் போனேன். எங்கள் கோயில் முன்பு ஒரு பட்டறையாக இருந்த கட்டடத்தில் இருக்கிறது, பக்கத்தில் கார் டயர் மாற்றும் கடை. போர் நடப்பது கார் நிறுத்துமிடத்தில். பனி வெளிவாசல் வரை வந்து நின்றது. பட்டுச் சேலைக்கு மேல் குளிர்ச் சட்டை போட்ட பெண்கள் அதற்குள்ளிருந்து ஒவ்வொருவராக முளைத்து வந்தார்கள். மேளச் சத்தம் எந்தப் பக்கத்திலிருந்து வருகிறதென்று பிடிபடவில்லை. சூரனின் பெரிய தலை மட்டும் வெள்ளைக்குள் மிதந்து கொண்டிருந்தது. அதைத் தூக்கும் ஆட்களில் அத்தானும் ஒருவர், அக்காவின் கணவர். வெறும் மேலோடு, கம்பளித் தொப்பியோடு நின்றார். கனவில் வந்திருந்தால்கூட இவ்வளவு அழகாக வந்திருக்காது. அப்படியே நின்று பார்த்துக்கொண்டிருக்கலாம் போல இருந்தது.

அக்கா உள்ளே சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். கண் பாதி மூடியிருந்தது. பக்கத்தில் இருந்தவர்கள் அவரைப் பக்தியோடு பார்த்துக்கொண்டிருந்தார்கள். "முருகன் இறங்கீட்டார், ஒண்டும் கதைக்க வேண்டாம்" என்று ஒருவர் என்னிடம் மெதுவாகச் சொன்னார். நானும் நம்பித்தான் கிட்டப் போய் உட்கார்ந்தேன். அவருடைய மூச்சு ஓடி வந்தவருடையதைப் போல ஆழமாக இழுத்துக்கொண்டிருந்தது. சாய்ந்து இருக்கிற ஒருவர் அப்படி மூச்சு வாங்கக் கூடாது. அந்த மூச்சில் நகப்பூச்சை அழிக்கிற திரவத்தின் மணம் வந்தது.

அந்த மணத்தை நான் எத்தனையோ முறை வாசித்திருக்கிறேன். முகர்ந்தது அன்றுதான்.

"அக்கா, சத்தி எடுத்தனீங்களோ?" என்றேன். அந்த மணத்தோடு சேர்ந்து வருவது வாந்தி.

"காலமை. வெறும் தண்ணிதான். விரதக் களை."

"சீனி பாத்தனீங்களோ?"

"எட்டு. இந்த வருசம் மாதிரி ஒருநாளும் இருந்ததில்லை. அவன்ரை அருள்தான்." இந்த நாட்டுக் கணக்கில் எட்டு என்றால் நல்ல அளவுதான்.

"என்ன குளிசை போடுறீங்கள்?"

அக்கா சலிப்போடு கைப்பையைத் தள்ளிவிட்டார். குளிசை அட்டையை வெளியே எடுத்தேன். என் மேசைக்கு அடிக்கடி வரும் குளிசை அது. உள்ளே சாப்பாடு போகாமல் இதைப் போட்டுக்கொண்டே இருந்தால் உடம்பு கொழுப்பை எரிக்கத் தொடங்கும், கீட்டோன் என்ற அமிலம் சேர்ந்து ரத்தம் புளித்துப்போகும். சீனி பார்க்கும் மெஷின் மட்டும் எல்லாம் நல்லபடி இருக்கிறது என்று சொல்லிக்கொண்டே இருக்கும். வைத்தியர்களே ஏமாந்துபோவது அந்த இடத்தில்தான்.

எழும்புங்கோ, ஆஸ்பத்திரிக்குப் போவம் என்றேன்.

"சூரன் விழட்டும். பிறகு வாறன்."

எனக்குக் கோபம் தலைக்கேறியது. அக்காவில், அந்த வைத்தியரில், எட்டு என்று காட்டிய மெஷினில், வெளியே ஆற அமர ஒவ்வொரு தலையாக மாற்றிக்கொண்டிருந்த சூரனில், எல்லோரிலும் கோபம். "இது களையில்லை அக்கா. இருந்தால் செத்துப் போவீங்கள்" என்றேன். சுற்றியிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

"கோயிலுக்குள்ளை நிண்டு என்ன கதை கதைக்கிறாய்" என்று அக்கா என்னை அதட்டினார். ஐயரைக் கூப்பிட்டு என்னை வெளியே அனுப்பச் சொல்வதற்கு எழும்பப் பார்த்தார். கால்கள் நிற்கவில்லை. அப்படியே என்மேல் சரிந்தார். பக்கத்தில் இருந்தவர்கள் தூக்கி, ஒருவருடைய கார் வரை கொண்டுவந்தார்கள்.

காரில் ஏற்றும்போது அத்தான் சூரனுக்குக் கீழே நின்றபடி எங்களைக் கண்டார். நான் கையால் ஆஸ்பத்திரிப் பக்கம் காட்டினேன். சூரனை விட்டுவிட்டு வர முடியாத முகத்தோடு தலையை ஆட்டினார்.

நோட்ஃபாலில், அதாவது ஆஸ்பத்திரியின் அவசரப் பிரிவில், தாதி விரலில் குத்திச் சீனி பார்த்தார். நல்லாயிருக்கிறது, கொஞ்சம் இருங்கள், கூப்பிடுகிறோம் என்றார். இந்த இடமும் எனக்குத் தெரியும். 'நோயாளி காத்திருக்க வைக்கப்பட்டார்' என்று நான் படித்த கதைகளில் சிலது நல்லபடி முடியவில்லை. குளிசை அட்டையை மேசையில் வைத்து, இவர் இதைப் போடுகிறார், நாட்கணக்காகச் சாப்பிடவில்லை, சீனியை விடுங்கள், கீட்டோனைப் பாருங்கள் என்றேன். என் சுவிஸ் ஜெர்மன் கோபத்தில்தான் திருத்தமாக வரும். தாதி என்னை ஒருமுறை பார்த்தார். பிறகு வேறொரு மெஷினை எடுத்து வந்தார். அதன் முகப்பைப் பார்த்ததும் கதிரையைத் தள்ளிக்கொண்டு எழுந்தார். அடுத்த நிமிடம் அக்கா கட்டிலில் இருந்தார்.

இன்சுலினும் அதோடு குளுக்கோஸும் ஏற்ற வேண்டும், உடனே, என்றார் வைத்தியர். தாதி அக்காவின் இடது கையைப் பிடித்தார். காப்பு நூல் இடைஞ்சலாக இருந்தது. கத்தரிக்கோலைத் தேடியவரிடம் வேண்டாம் என்றேன். அவர் ஏனென்று கேட்கவில்லை. நூலை மெதுவாக மேலே நகர்த்தி, தாள்நாடாவால் ஒட்டிவைத்தார். அதற்காக அந்தப் பிள்ளைக்கு நான் கோயில் கட்டியிருப்பேன்.

அக்கா கண்ணைத் திறந்து, தொங்கும் பையைப் பார்த்தார்.

"உதிலை சீனி இருக்கோ?"

இல்லை என்று சொல்லியிருக்கலாம். கோயிலில் இன்னும் சூரன் விழுந்திருக்காது. அந்தப் பை இறங்கத் தொடங்கினால் அக்காவின் விரதம் முடிந்தது. ஆனால் குளிசை தந்த வைத்தியரின் பாதி உண்மை ஒன்று அவரைக் கொண்டுவந்து விட்ட கட்டில் அது. இன்னொன்றைக் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை.

"ஓம். இருக்கு."

"நீ இல்லையெண்டு சொல்லியிருக்கலாம்" என்றார். கண்ணின் ஓரத்தால் தண்ணீர் ஓடியது.

"எனக்கு நீங்கள் வேணும் அக்கா" என்றேன். எங்கள் வீட்டில் ஒருவரும் ஒருவருக்கும் இப்படிச் சொல்வதில்லை. சொல்லிவிட்டு வெட்கத்தில் அழுதேன். அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். பிறகு கையைத் தாதியின் பக்கம் நீட்டினார்.

அதன்பிறகு எல்லாம் மெதுவாக நடந்தது. பையிலிருந்து சொட்டுச் சொட்டாக இறங்கியது. ஜன்னலுக்கு வெளியே பனிக்குள் விளக்குகள் மஞ்சளாகக் கரைந்து கிடந்தன. மெஷின்கள் எங்கோ தூரத்தில் நின்று கூப்பிடுவது மாதிரி இருந்தது. அக்காவின் மூச்சு கொஞ்சம் கொஞ்சமாகத் தணிந்துவந்தது. நான் அதைக் கேட்டுக்கொண்டே கண்ணயர்ந்திருக்க வேண்டும்.

"எடி" என்றார் அக்கா.

விழித்தேன்.

"அங்கை கோயிலிலை இன்னும் எத்தினை பேர் இந்தக் குளிசையைப் போட்டுக்கொண்டு இருக்கினம்?"

இத்தனை வருடமும் நான் படித்துக்கொண்டிருந்தது ஏற்கனவே விழுந்தவர்களைப் பற்றித்தான். இன்னும் விழாமல், ஒரு மண்டபத்துச் சுவரில் சாய்ந்துகொண்டு இருப்பவர்களைப் பற்றி எனக்கு ஒருவரும் எழுதியதில்லை.

அத்தானுக்குப் போன் எடுத்தேன். சூரன் விழுந்துவிட்டான், நான் இந்தா வெளிக்கிட்டுட்டன் என்றார். வர வேண்டாம், முதலில் மைக்கைப் பிடியுங்கோ என்றேன். என்ன சொல்ல வேண்டும் என்று விளக்கத் தொடங்கினேன். "நீ உன்ரை கந்தோர்ப் பாஷையிலை சொல்லாதை" என்று அக்கா போனை என் கையிலிருந்து வாங்கினார்.

"இஞ்சேருங்கோ. நான் சொல்லுறதை அப்பிடியே சொல்லுங்கோ. சீனி வருத்தத்துக்குப் புதுக் குளிசை போடுற விரதகாரர் எல்லாரும் இப்பவே குளிசையின்ரை பேரைப் பாருங்கோ. நான் போடுற குளிசையின்ரை பேரையும் சொல்லுங்கோ. அதுதான் எண்டால் உடனை டொக்டரோடை கதையுங்கோ. சத்தி வந்தாலோ, மூச்சு வாங்கினாலோ, மெஷின் நல்லாயிருக்கு எண்டாலும் நம்பாதேங்கோ, ஆஸ்பத்திரிக்கு வாங்கோ. இதைச் சொல்லுறது நான் எண்டும் சொல்லுங்கோ. என்ரை பேரைச் சொன்னால்தான் கேப்பினம்."

வாகனத்தை எடுங்கோ, பாதையை மறைக்கிறது என்பதைத் தவிர அந்த மைக்கில் இதுவரை அவசரமாக ஏதும் சொன்னதாக எனக்கு ஞாபகம் இல்லை. அத்தான் மூன்று முறை சொன்னாராம். மேளத்தை நிற்பாட்டச் சொல்லிவிட்டுச் சொன்னாராம்.

அக்கா தூங்கியதும் காற்று வாங்க வெளியே வந்தேன். வாசலில் ஒரு வெளிச்சம் மட்டும் எரிந்தது, அதற்கு அப்பால் வெள்ளை. யாரும் வரமாட்டார்கள் என்றுதான் நினைத்தேன். விரதத்தில் இருக்கும் ஒருவரை இடையில் எழுப்ப மைக்கால் முடியுமா? நான் எத்தனை எச்சரிக்கை வரிகளுக்கு வேலை செய்திருக்கிறேன், ஒன்றாவது யாருடைய கையையாவது தடுத்ததை என் கண்ணால் கண்டிருக்கிறேனா என்று யோசித்துக்கொண்டு நின்றேன்.

பனிக்குள்ளிருந்து ஒரு கார் மெதுவாக வந்து நின்றது. கதவைத் திறந்துகொண்டு ஒரு பெண் இறங்கினார். பச்சைப் பட்டு, மேலே ஆண்களின் பெரிய குளிர்ச் சட்டை, மணிக்கட்டில் காப்பு நூல். எனக்கு அவரைத் தெரியாது. ஒரு கையால் காரைப் பிடித்துப் பிடித்து வாசல் வெளிச்சத்துக்கு வந்தார். மூச்சு வாங்கியது. மற்றக் கையை விரித்து என்னிடம் காட்டினார். உள்ளங்கையில் ஒரு குளிசை அட்டை.

"தங்கச்சி, உவை சொன்னது இதுதானோ?"

"ஓம் அக்கா, இதுதான்" என்று அவரை அணைத்துப் பிடித்து உள்ளே கூட்டிக்கொண்டு போனேன்.