அழிக்காத திருத்தம்

என் மனைவிக்குச் சாவைப் பற்றி ஒரே ஒரு கவலைதான் இருந்தது. டாக்டர் கையை விரித்த வாரத்தில் அதைச் சொன்னாள்.

"என்னங்க, பிளெக்ஸுல ஆதார் கார்டு போட்டோவ மட்டும் போட்ராதீங்க. அதுல புள்ள பிடிக்கிறவ மாதிரி முழிக்கேன்."

தென்காசியில் பாதிப் பேர் அடையாள அட்டை முகத்தோடுதான் தெருமுனையில் கண்ணீர் அஞ்சலி பெறுகிறார்கள். அவசரத்தில் வேறு படம் கிடைப்பதில்லை.

துபாயிலிருந்து திரும்பிய ஒருவரிடம், முகப் படத்துக்கு ஏற்ற பழைய லென்ஸ் ஒன்றை வாங்கினேன். டார்ச் அடித்தால் உள்ளே பூஞ்சை நூல் நூலாகத் தெரிந்தது. ஃபோகஸும் குறி வைத்த இடத்துக்கு இரண்டு விரல் முன்னால் விழுந்தது. நான் நில அளவைத் துறையில் ஓய்வு பெற்றவன். கருவியின் பிழையைக் கணக்கிட்டுக் கழிப்பது புதிதல்ல. மேஜையில் அடிக்கோலைச் சாய்த்து வைத்துப் படமெடுத்து, அந்த லென்ஸுக்கான திருத்தத்தைக் கேமராவில் பதித்தேன். ஃபோகஸ் சரியானது. பூஞ்சையைக் கணக்கால் கழிக்க முடியாதே. வெளிச்சத்துக்கு எதிரே எடுத்தால் படம் வெளிறியது. பழுது பார்ப்பவரிடம் கொடுத்து, ஒரு வாரம் கழித்து வாங்கப் போனேன்.

"பூஞ்சைய எடுத்தாச்சு அண்ணாச்சி. ஃபோகஸ் முன்னால விழுந்துச்சு, அதையும் நேராக்கிட்டேன். கேமராவுல திருத்தம் ஏதும் வச்சிருந்தா அழிச்சிருங்க."

"யோவ், எனக்கே பாடம் எடுக்குதீரா?"

"பெரிய ஆபீசர்லா, சும்மா சொல்லி வைக்கேன்."

கடையிலிருந்து இறங்கும்போதே மனைவி போன் செய்தாள். "இன்னைக்கு எந்திரிச்சு உக்காந்திருக்கேன். சாரலும் விட்டிருக்கு. குத்தாலம் போவமா?"

பழுது பார்த்த கருவியைச் சோதிக்காமல் களத்துக்குக் கொண்டுபோனவர்களுக்கு முப்பது ஆண்டுகள் மெமோ கொடுத்தவன் நான். அன்று நேரே காரை எடுத்தேன்.

ஐந்தருவிக்குப் போகும் சாலையோரம் ஒரு மரத்தடியில் நாற்காலி போட்டு உட்கார வைத்தேன். அவள் தலையில் முக்காடு போட்டுக்கொண்டாள். முடி இல்லை.

"சிரி."

"நீங்க மொதல்ல அளக்குத மூஞ்சிய மாத்துங்க" என்று சொல்லிச் சிரித்தாள். அதைத்தான் அடுத்தடுத்து எடுத்தேன். கேமராவின் சின்னத் திரையில் காட்டினேன். நெடுநேரம் பார்த்தாள். "இது போதும்" என்றாள்.

மறுநாள் மூச்சுத் திணறல். ஆஸ்பத்திரியில் அவளுக்குக் குழாய் மாட்டினார்கள். மாற்றுத் துணி எடுக்க வீட்டுக்கு வந்தபோதுதான் படத்தைக் கணினியில் பெரிதாக்கினேன். காதுக் கம்மலின் கல் ஒவ்வொன்றும் தெளிவாக இருந்தது. முக்காட்டின் தையலை எண்ணலாம். கண்கள் இரண்டும் மங்கல். லென்ஸ் நேராகியிருந்தது. கேமரா மட்டும் அதன் பழைய கோணலுக்காக ஃபோகஸை இன்னும் பின்னால் தள்ளிக்கொண்டிருந்தது. எடுத்த பதினோரு படத்திலும் அதே கதை.

அவளிடம் நான் சொல்லவில்லை. ஐந்தாம் நாள் போய்விட்டாள்.

பிளெக்ஸ் கடைக்காரர் படத்தைத் திரையில் இழுத்து இழுத்துப் பார்த்தார்.

"கண்ணு அவுட்டாருக்கே அண்ணாச்சி. பெருசு பண்ணா ரொம்ப மோசமா இருக்கும். ஆதார் கார்டு இருக்கா?"

சட்டைப் பையில்தான் இருந்தது. இறப்புப் பதிவுக்கு வேண்டுமென்று காலையிலேயே எடுத்து வைத்திருந்தேன்.