கடைசிச் சீட்டு என்னுடையது

என் அக்காவின் கணவரை நான் இன்னும் மன்னிக்கவில்லை. மன்னிக்கும் உத்தேசமும் இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நான் கடைசியில் மனம் மாறிவிடுவேன் என்று யாரும் காத்திருந்து ஏமாற வேண்டாம். அவர் என் நகையையோ நிலத்தையோ எடுத்துக்கொள்ளவில்லை. என் முறையை எடுத்துக்கொண்டார். அதுவும் ஒரு கம்ப்யூட்டர் விளையாட்டில். சிரிக்கிறவர்கள் இப்போதே சிரித்துவிட்டு வரலாம்.

அத்தானுக்குத் தூத்துக்குடிக்குப் பக்கத்தில் இருக்கிற புதுக்கோட்டையில் ஹார்டுவேர் கடை. பில் போடுவதற்காக வாங்கிய கம்ப்யூட்டரில் அவர்தான் முதலில் அந்த விளையாட்டை ஏற்றினார். ஆளுக்கொரு வீரனாக இணையத்தில் ஒன்றுகூடி, குகைக்குள் புகுந்து, அங்கே இருக்கிற பூதத்தையோ பாம்பையோ சேர்ந்து கொல்ல வேண்டும். ஒரு குழுவுக்கு ஐந்து பேர். அத்தான், அவருடைய தம்பி, துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிற ஒருவர், உப்பு லாரி வைத்திருக்கிற ஒருவர் என்று நான்கு பேர் சேர்ந்துவிட்டார்கள். ஐந்தாவது ஆள் கிடைக்கவில்லை. நான் தூத்துக்குடியில் ஒரு கிளியரிங் ஏஜென்ட் அலுவலகத்தில் வேலை பார்க்கிறேன். கப்பலில் வருகிற முந்திரிக்கொட்டைக்கும் மரக்கட்டைக்கும் சுங்கத்துக் காகிதம் தயார் செய்வது என் வேலை. நாள் முழுக்கக் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருக்கிறவள்தானே, இவளையே சேர்த்துக்கொள்ளலாம் என்று முடிவு செய்தார்கள்.

எனக்கு நெருப்பு வீசுகிற மந்திரக்காரியாக இருக்கத்தான் ஆசை. கையை நீட்டினால் எதிரே நிற்பதெல்லாம் பற்றி எரியும். அலுவலகத்தில் எட்டு மணி நேரம் ‘சரி சார்’ சொல்லிவிட்டு வருகிறவளுக்கு வேறு என்ன ஆசை இருக்கும்? அத்தான் ஒத்துக்கொள்ளவில்லை. கேடயம் பிடித்து முன்னால் நிற்பது அவர். அடிப்பதற்கு மூன்று பேர் இருக்கிறார்கள். அடி வாங்குகிறவர்களுக்கு உயிர் ஏற்றிவிட ஒரு வைத்தியக்காரி வேண்டும், அது நான்தான் என்றார். கேட்பதற்குப் பெருமையாகத்தான் இருந்தது. உட்கார்ந்து பார்த்த பிறகுதான் அது எவ்வளவு அலுப்பான வேலை என்று தெரிந்தது. திரையின் ஓரத்தில் நான்கு பச்சைக் கோடுகள் இருக்கும். எது குறைகிறதோ அதை ஏற்றிக்கொண்டே இருக்க வேண்டும். ஒரு கடல்பாம்போடு ஒரு வருஷத்துக்கு மேல் மல்லுக்கட்டினோம். அதன் முகம் எப்படி இருக்கும் என்று கேட்டால் இன்றைக்கும் எனக்குச் சொல்லத் தெரியாது.

பட்டறை வேலையும் என் தலையில் விழுந்தது. தாது பொறுக்குவது, உருக்குவது, வாள் செய்வது, வில் செய்வது எல்லாம் மணிக்கணக்காக ஒரே பொத்தானை அமுக்குகிற வேலை. ‘நீதாம்ளா பொறுமையான பிள்ள’ என்பார் அத்தான். பொறுமையான பிள்ளை என்று யாராவது சொன்னால் எழுந்து ஓடிவிட வேண்டும். இந்த அறிவு எனக்குத் தாமதமாகத்தான் வந்தது.

அந்தப் பாம்பைக் கொன்றால் எப்போதாவது ஒரு நீலச் செதில் விழும். பத்துத் தடவை கொன்றும் ஒன்றுகூட விழாத வாரங்கள் உண்டு. ஏழு செதில் சேர்ந்தால் ஓர் ஆயுதம் செய்யலாம். அந்த விளையாட்டில் அதற்கு மேல் ஆயுதம் கிடையாது. மற்ற குழுக்களில் செதில் விழுந்ததும் பகடை உருட்டுவார்கள், அதிக எண் விழுந்தவருக்குச் செதில். எங்கள் குழு கடைக்காரர் குழு. அத்தான் அதைச் சீட்டாக்கிவிட்டார். ஏழு செதில் ஒரு சீட்டு. முதலில் விழுகிற ஏழும் ஒருவருக்கு, அடுத்த ஏழு அடுத்தவருக்கு. முதல் சீட்டு நடத்துகிறவருக்கு என்பது வழக்கம், ஆகவே அத்தானுக்கு. மற்றது குலுக்கல். சீட்டை எடுத்தவர் கடைசி ஆள் எடுக்கும்வரை கட்டிக்கொண்டே இருக்க வேண்டும், அதாவது குகைக்கு வந்துகொண்டே இருக்க வேண்டும். அம்மாக்கள் தெருவில் சேர்ந்து போடுகிற சீட்டு எப்படியோ அப்படியேதான்.

குலுக்கலில் எனக்கு இரண்டாவது சீட்டு விழுந்தது. அத்தானின் தம்பி முகம் தொங்கிப்போனது. தெருச் சீட்டில் அவசரக்காரருக்கு விட்டுக்கொடுப்பது உண்டு. ‘வீட்டுப் பிள்ளதான, பொறவு எடுத்துக்கிடுவா’ என்று அத்தான் எனக்கும் சேர்த்துச் சொல்லிவிட்டார். விட்டுக்கொடுத்தேன், தம்பிக்கு விழுந்திருந்த கடைசிச் சீட்டு எனக்கு வந்தது. மூன்றாவது கிரேன்காரருக்குப் போனது, நான்காவது லாரிக்காரருக்கு. நான்கு பேருக்கும் ஆயுதம் செய்து கொடுத்ததும் நான்தான். செதிலை வாங்கி, அடித்து, மெருகேற்றி, கையில் கொடுத்தேன். ஞாயிற்றுக்கிழமை மதியச் சாப்பாடு முடிந்ததும் எல்லாரும் கூடிவிடுவோம். ஒரு ஞாயிறுகூட நான் தவறியதில்லை. ஒரு தோழியின் கல்யாண வரவேற்பிலிருந்து பந்தி பாதியில் எழுந்து வந்திருக்கிறேன்.

என் சீட்டு தொடங்கி இரண்டு செதில் விழுந்திருந்தது. அடுத்த ஞாயிறு ஐந்து பேருக்கும் மருந்துக் குப்பிகள் செய்து எடுத்துக்கொண்டு குகை வாசலில் போய் நின்றேன். யாரும் வரவில்லை. அரை மணி நேரம் நின்ற பிறகுதான் குழுவின் பட்டியலைத் திறந்து பார்க்கத் தோன்றியது. அதில் என் பெயர் மட்டும் இருந்தது. நான்கு பேரும் அந்த விளையாட்டில் இருக்கிற ஒரு பெரிய சங்கத்தில் சேர்ந்துவிட்டார்கள். நீலச் செதில் ஆயுதம் வைத்திருப்பவர்களை மட்டும் அங்கே சேர்த்துக்கொள்வார்களாம். வைத்தியம் பார்க்க அங்கே ஏற்கெனவே ஆள் இருந்ததாம்.

நான் அத்தானுக்குப் போன் செய்தேன். கோபத்தில் வார்த்தை கோர்வையாக வரவில்லை. என் சீட்டு என்ன ஆயிற்று என்று மட்டும் கேட்டேன்.

“இது வெளையாட்டுதானளா. இதுக்குப் போயி யாராச்சும் மூஞ்சியத் தூக்கி வச்சுக்கிடுவாங்களா?”

நான்கு பேர் சீட்டு எடுக்கிற வரைக்கும் அது விளையாட்டாக இருக்கவில்லை. கிரேன்காரர் ஒரு ஞாயிறு தாமதமாக வந்ததற்கு அத்தான் அவரை என்ன பேச்சுப் பேசினார் என்பது எனக்குத் தெரியும். என் முறை வந்ததும் விளையாட்டாகிவிட்டது. கறிவேப்பிலையைப் போல ஒதுக்கி வைத்துவிட்டார்கள். அப்பாவிடமோ அக்காவிடமோ போய்ச் சொல்லவும் முடியாது. சொன்னால் அவர்களும் அதே வார்த்தையைத்தான் சொல்வார்கள்.

அன்றைக்கே விளையாட்டைத் தூக்கிப் போட்டிருப்பேன். போடவில்லை. பாம்பைக் கொல்லத்தான் ஆள் வேண்டும், பட்டறைக்கு ஆள் தேவையில்லை, அதைப் போனிலேயே செய்யலாம் என்பது உறைத்தது. அலுவலகத்தில் மதிய உணவு நேரத்தில், ஒரு கையில் தயிர்சாதம், மறு கையில் போனோடு தாது பொறுக்கினேன். துறைமுக பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்தால் உருக்கினேன். பக்கத்து மேசைக்காரர், இந்தப் பிள்ளை யாரையோ காதலிக்கிறது என்று எல்லாரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தார். எட்டு மாதம். ஒவ்வொரு தடவை பொத்தானை அமுக்கும்போதும் அத்தானின் முகத்தை நினைத்துக்கொண்டேன். பாம்பின் முகம் தெரியாமல் போனதற்கு இந்த முகம் நன்றாகத் தெரிந்தது.

எட்டாவது மாதம் பட்டறையில் உச்சப் படியை எட்டினேன். சில ஆயிரம் பேர் ஆடுகிற எங்கள் சர்வரில் அந்தப் படியில் மூன்று பேர்தான். மற்ற இருவரும் அத்தானின் சங்கத்துக்கு எதிரிச் சங்கங்களில் இருந்தார்கள். நான் எதிலும் இல்லை. வாசலைத் திறந்து வைத்துக்கொண்டு காத்திருந்தேன்.

முதலில் அக்கா பேசினாள். “அத்தானுக்குக் கம்ப்யூட்டர்ல என்னமோ செஞ்சு குடுக்கணுமாம்ளா. ஒன்கிட்ட கேக்கக் கூச்சப்படுதாங்க” என்றாள். வரச் சொல் என்றேன்.

விஷயம் இதுதான். அந்த ஆயுதத்துக்குப் பத்து முறை பதம் ஏற்றலாம். பத்தாவது பதத்தை உச்சப் படிக்காரரால்தான் ஏற்ற முடியும். பத்தில் ஏழு தடவை ஆயுதம் சுக்குநூறாகிவிடும். காப்புக்கல் என்று ஒன்று இருக்கிறது, அதையும் சேர்த்து வைத்தால் பதம் ஏறாவிட்டாலும் ஆயுதம் தப்பிக்கும். அத்தானின் சங்கம் அடுத்த வாரம் ஒரு கோட்டையைப் பிடிக்கப் போகிறது. முன்னால் நிற்கிறவரின் வாள் பத்தாம் பதத்தில் இருக்க வேண்டும் என்று சங்கத்தில் சொல்லிவிட்டார்களாம்.

ஆயுதத்தைப் பட்டறைக்காரரிடம் கொடுப்பதற்கு விளையாட்டிலேயே ஒரு பூட்டுப் பெட்டி உண்டு. அதில் வைத்தால் வேலையை மட்டும்தான் நம்மால் செய்ய முடியும், பொருளைத் தொட முடியாது. முடிந்ததும் உடையவரிடமே திரும்பிப் போய்விடும். ஆனால் ஒரு நாள் ஆகும். அத்தானுக்கு அவ்வளவு பொறுமை இல்லை. கடையில் ரசீது இல்லாமல் அரைக் கிலோ ஆணியைக்கூட வெளியே விடாத மனிதர், ‘சொந்தத்துக்குள்ள என்னத்துக்குப் பெட்டி’ என்று சொல்லி வாளை நேராக என் பையில் கொடுத்துவிட்டார். காப்புக்கல் கிடைக்கவில்லை, உன்னிடம் இருப்பதையே போட்டுக்கொள் என்றார். என்னிடம் ஆறு இருந்தன. போடுகிறேன் என்றேன். போடவில்லை.

அன்று சனிக்கிழமை மதியம். அலுவலகத்தில் பாதிப் பேர் வீட்டுக்குப் போயிருந்தார்கள். அத்தான் போனில் இருந்தார். பொத்தானை அமுக்கினேன். சுத்தியல் பத்து விநாடி அடிக்கும். உடை, உடை என்று மனதுக்குள் வேண்டிக்கொண்டேன். பரீட்சைக்குக்கூட நான் அப்படி வேண்டியதில்லை.

பதம் ஏறிவிட்டது.

சர்வர் முழுக்கத் தங்க எழுத்தில் அறிவிப்பு ஓடியது. முன்பின் தெரியாதவர்களெல்லாம் வாழ்த்துச் சொன்னார்கள். போனில் அத்தான் கடைப் பையனிடம் சத்தமாகச் சொல்லிச் சிரிப்பது கேட்டது. ஒரு வருஷத்துக்கு மேல் அந்தப் பாம்பின் முன்னால் தவம் கிடந்தபோது எனக்கென்று ஒரு நாள்கூட வராத அதிர்ஷ்டம், பழி வாங்க உட்கார்ந்த அன்றைக்கு வந்து அவருக்குச் சேவகம் செய்துவிட்டுப் போகிறது.

“ஒன் கைராசி ஒரு தனி ராசிதாம்ளா. சரி, குடு” என்றார்.

வாள் என் பையில் இருந்தது. பட்டறையில் பிரிக்கிற பொத்தானும் உண்டு. எந்த ஆயுதத்தையும் பிரித்தெடுக்கலாம், செதிலில் ஐந்து திரும்பக் கிடைக்கும். அதை அமுக்கினேன். நிச்சயமா என்று திரை கேட்டது. ஆமாம் என்றேன். இரண்டாவது தடவை கேட்டது. அதற்கும் ஆமாம் என்றேன். பத்தாம் பதம் ஏறிய வாள் ஐந்து செதிலாகிவிட்டது. அதில் ஒன்றை எடுத்து, ரசீது மாதிரி, அத்தானுக்கு அனுப்பினேன்.

“சீட்டு முடிஞ்சிட்டு அத்தான்” என்று சொல்லிவிட்டுப் போனை வைத்தேன்.

சந்தோஷமாக இருந்தது. இதை மறைக்க எனக்கு மனமில்லை. அலுவலகத்தைப் பூட்டிவிட்டு இறங்கி, எதிர்க் கடையில் ஒரு பன்னீர் சோடா வாங்கி நின்றபடியே குடித்தேன். அத்தானால் யாரிடம் போய் முறையிட முடியும்? நாற்பது வயதில், இரண்டு பிள்ளைகளுக்குத் தகப்பனாக, கொழுந்தியாள் என் வாளைப் பிரித்துவிட்டாள் என்று மாமனாரிடம் வந்து சொல்ல முடியுமா?

மறுநாள் அக்கா வீட்டில் சாப்பாடு. சீலா மீன் குழம்பு. அந்த வீட்டில் ஆண்கள் உண்டு எழுந்த பிறகுதான் நாங்கள் உட்காருவோம். அன்றைக்கு நான் அத்தானுக்குப் பக்கத்திலேயே தட்டைப் போட்டு உட்கார்ந்தேன். அக்கா ஒரு மாதிரி பார்த்தாள். அத்தான் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார், வாய்க்குக் கொண்டுபோகவில்லை. அந்தக் குனிந்த தலையைப் பார்த்ததும், போகட்டும் என்று ஒரு கணம் எனக்குத் தோன்றியது உண்மை. அக்கா சோறு எடுக்க உள்ளே போனாள். அவர் குரலைத் தாழ்த்திக் கேட்டார்:

“ஒண்ண எதுக்குளா திருப்பி அனுப்புன? ஒன்கிட்ட முன்னாலேயே ரெண்டு இருந்துச்சுல்லா. அஞ்சயும் வச்சிருந்தா ஒனக்கு ஏழு ஆயிருக்குமே.”

கையில் எடுத்த கவளம் அப்படியே நின்றுவிட்டது. அவர் மறந்துபோய்விட்டார் என்றுதான் இத்தனை நாள் நினைத்திருந்தேன். பெரிய சங்கம் கூப்பிட்ட மயக்கத்தில் என் சீட்டு எங்கே நிற்கிறது என்பதே ஞாபகமில்லாமல் போய்விட்டார் என்று. இரண்டு என்ற கணக்கு அவர் விரல் நுனியில் இருந்திருக்கிறது. இன்னும் ஐந்து வேண்டும் என்று தெரிந்துதான் அன்றைக்கு எழுந்து போயிருக்கிறார்.

“ரெண்டுன்னு ஒங்களுக்குத் தெரியுமா அத்தான்?” என்றேன்.

அதற்குள் அக்கா சோற்றுப் பாத்திரத்தோடு வந்துவிட்டாள். மீன் சட்டியில் நடுத்துண்டு ஒன்றுதான் மிச்சம் இருந்தது. அது எப்போதும் அத்தானுக்கு. அக்கா கரண்டியில் எடுத்து அவர் பக்கம் கொண்டுபோனாள். நான் என் தட்டை நடுவில் நீட்டினேன்.