இரும்புப் பொம்பளைக்கு இன்னும் கை வரல

வெல்டிங் மெஷினைத் தொட்ட பொம்பளையை யாரும் சிற்பின்னு சொல்ல மாட்டாங்க; வாசல் கேட்டுக்கு என்ன ரேட்டுன்னுதான் கேட்பாங்க. எடுத்த வேலையை முடிக்கவே பயப்படற என் இனத்தாருக்காக இதைச் சொல்றேன்.

பட்டாபிராமைத் தாண்டி, வயலுக்கு நடுவுல ஒரு பழைய கோழிப்பண்ணை ஷெட். நாங்க நாலு பொம்பளைங்க அங்கேயே தங்கி, சமைச்சு, மனசுக்குத் தோணினதைச் செஞ்சு பார்க்கறோம். ஒரே ஒரு சட்டம்: எடுத்த வேலை முடிஞ்சா இடத்தைக் காலி பண்ணி அடுத்தவளுக்கு விடணும். நான் செய்யறது ஆளுயர இரும்புப் பொம்பளை. அவ முடிஞ்சா நான் மேனாம்பேடு ஃப்ளாட்டுக்கும் பழைய ஐ.டி. வேலைக்கும் திரும்பணும். அதுக்காகவே அவளை முடிக்க மனசு வரல.

மூணாவது கை

மண்ணூர்பேட்டையில பழைய இரும்புக் கடை அண்ணன்கிட்டதான் பைக் செயின், பல்சக்கரமெல்லாம் பொறுக்குவேன். போன தடவை கைக்குக் கம்பி கேட்டேன். முன்னாடி வெச்ச ரெண்டு கையையும் நானே வெட்டிப் போட்டாச்சு. அவர் எடை போட்டுக்கிட்டே சொன்னார்: "இன்னாம்மா, இன்னும் அதுக்குக் கை வெக்கலியா? எங்க ஊட்ல கீறவ ரெண்டே கையால ஊட்டையே தூக்கிகினு நிக்கிறா."

ஞாயித்துக்கிழமை

ஞாயிறானா என் வீட்டுக்காரர் எலுமிச்சை சாதம் கட்டிக்கிட்டு வருவார். நல்ல மனுஷன், குறையே சொல்ல மாட்டார். அதான் கஷ்டம். அன்னிக்குச் சிலையை ஒரு சுத்து சுத்தி வந்து, "ரொம்ப நல்லா இருக்கு, முடிஞ்ச மாதிரிதான்"னார். எனக்குக் கை பரபரன்னு ஆயிடுச்சு. அவர் கிளம்பினதும் அவ தோளை வெட்ட ஆரம்பிச்சேன். ஹெல்மெட்டை மறந்துட்டுப் போனவர் திரும்பி வந்து வாசல்லயே நின்னுட்டார். ஹெல்மெட்டை எடுத்துக்கிட்டே கேட்டார்: "நல்லா இருக்குன்னு நான் சொல்லியிருக்கக் கூடாதோ?"

அடுத்தவள்

எனக்கு அடுத்து இடம் கேட்டிருந்தவ செல்வி. ஆவடி குவார்ட்டர்ஸ் பொண்ணு, பழந்துணியைக் கிழிச்சு ஒட்டிப் படம் செய்யறவ. காத்திருந்து பார்த்துட்டு, போன வாரம் பையோட வந்து நின்னுட்டா. வீட்ல வரன் பார்க்கறாங்களாம். எனக்கு வெக்கமாப் போச்சு. அவசர அவசரமா கையை ஒட்டவெச்சு, "முடிஞ்சிருச்சும்மா, நீ வா"ன்னு என் பாயைச் சுருட்டினேன்.

அவ சிலையைப் பார்த்தா, என் முகத்தைப் பார்த்தா. கட்டிங் மெஷினை எடுத்து என் கையில குடுத்தா: "நீங்க முடிச்சா எனக்கு இடம், நான் முடிச்சா எனக்குக் கல்யாணம். வெட்டுங்கக்கா, நான் இந்த மூலையில ஒண்டிக்கறேன்."

சட்டத்தை யாரும் மீறல. முடிச்சாத்தானே காலி பண்ணணும், நாங்க ரெண்டு பேரும்தான் இன்னும் முடிக்கலியே.